கல்விக்கடனா, கல்வி நிலுவையா?

ஐயா, வணக்கம்.

அமெரிக்கக் கல்வி பற்றிய நம் தமிழ் வரைவில் 'எஜுகேஷன் டெப்ட்' என்பதற்கு நீங்கள் தந்த 'கல்விக்கடன்' சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் அதை வங்கிகள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டன. 'கறுப்பின மாணவர்களின் கல்விக்கடன்' என்று எழுதினால், அவர்கள் வங்கிக்குக் கட்ட வேண்டிய பணம் என்றுதான் படிப்பவர் நினைப்பார். கடன்பட்டது யார் என்பதே தலைகீழாகிவிடும்.

அந்தச் சொல்லைத் தந்த அமெரிக்கக் கல்வியியல் ஆய்வாளர் குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ் 2006இல் அமெரிக்கக் கல்வி ஆய்வுக் கழகத் தலைமையுரையில் சொன்னது நேர்மாறானது. வெள்ளை மாணவருக்கும் கறுப்பின மாணவருக்கும் உள்ள மதிப்பெண் வித்தியாசத்தையே பேசிக்கொண்டிருப்பது, ஒரு வருட பட்ஜெட்டில் விழுந்த துண்டை மட்டும் பார்ப்பது போன்றது. வருடாவருடம் சேர்ந்துவந்த கடனைப் பாருங்கள் என்றார். கடன்பட்டது நாடு, பிள்ளைகள் அல்ல.

அது சேர்ந்த விதத்தையும் பாருங்கள். அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பது தென் மாநிலங்கள் பலவற்றில் குற்றமாக இருந்தது. இன அடிப்படையில் பிரித்த அரசுப் பள்ளிகள் செல்லாது என்று 1954இல் பிரவுன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது, சரி. ஆனால் பள்ளிப் பணத்தில் பெரும் பங்கு உள்ளூர்ச் சொத்துவரி. வீட்டு விலை குறைந்த வட்டாரத்தில் அதே விகிதத்தில் வரி போட்டாலும் கொஞ்சம்தான் தேறும். டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோ நகரின் ஏழைப் பெற்றோர் இதை எதிர்த்து வழக்குப் போட்டபோது, 1973இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அரசியலமைப்பு மீறல் இல்லை என்று கைவிரித்துவிட்டது.

அதனால் என் ஓட்டு 'கல்வி நிலுவை'க்கு. சம்பள நிலுவை, ஓய்வூதிய நிலுவை என்கிறோம். தர வேண்டியவர் ஒருவர், பெற வேண்டியவர் ஒருவர், நாளாக ஆகக் கூடும் தொகை: மூன்றும் கேட்டவுடன் தெரிகிறது. 'அரியர்' வைத்த கல்லூரிப் பிள்ளைகள் சிரிக்கலாம். அதற்குப் 'பாட நிலுவை' இருக்கிறது, குழப்பம் வராது.

வரைவில் இன்னொன்று. கல்வியில் சமவாய்ப்பு பற்றி அமெரிக்க அரசுக்காக நடந்த ஆய்வான 1966 கோல்மன் அறிக்கை பற்றிய பத்தியில், 'அச்சீவ்மென்ட் கேப்' என்ற மதிப்பெண் வித்தியாசத்துக்குச் 'சாதனை இடைவெளி' என்று இருக்கிறது. மதிப்பெண்ணைக் குடும்பப் பின்னணியோடு அந்த அறிக்கை இணைத்ததும், குறை வீட்டில்தான் என்று பலர் பேசத் தொடங்கினார்கள். அந்த வாதத்தைத்தான் நாம் விளக்கப் போகிறோம். 'சாதனை' என்று எழுதினால் மதிப்பெண் முழுக்க முழுக்கப் பிள்ளையின் சொந்த முயற்சி என்று நாமே ஒப்புக்கொண்டது போலாகும். கணக்குப் பரீட்சையில் தேறுவதற்குச் சாதனை என்ற பேர் அதிகம் வேறு. ஆசிரியர்கள் ஏற்கெனவே 'அடைவு', 'அடைவுத் தேர்வு' என்கிறார்கள். 'அடைவு இடைவெளி' போதும்.

குடும்பத்திலிருந்து வரும் பேச்சு, ரசனை, படிப்புப் பழக்கம் ஆகியவற்றைக் குறிக்கப் பிரெஞ்சு சமூகவியலாளர் புர்தியே தந்த சொல்லுக்குப் 'பண்பாட்டு மூலதனம்' வேரூன்றிவிட்டது, அதைத் தொட வேண்டாம்.