காப்பகத்துப் பிள்ளை சொன்னால் வழக்கு நிற்குமா?

கணக்குவாத்தியார்:
ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் கணக்குச் சொல்லித் தருகிறேன். நன்கொடை என்று அடிக்கடி வந்து போகிற ஒருத்தரைப் பற்றி அங்கே ஒரு பெண் குழந்தை போன வாரம் என்னிடம் சொன்னது. கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. பொறுப்பாளரிடம் போனால், "நாங்க பாத்துக்கிறோம் சார், இல்லத்துப் பேரு கெட்டா மத்த பிள்ளைங்க சோத்துக்கு எங்க போகும்" என்கிறார். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை, யார் புகார் கொடுப்பது? கொடுத்தாலும் கோர்ட்டில் அதன் பேச்சு எடுபடுமா?

வக்கீல்அக்கா:
நீங்களே கொடுக்கலாம், கொடுத்தே ஆகவேண்டும். போக்சோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி விஷயம் தெரிந்த யாரும் போலீசுக்குச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் 21-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, "பாத்துக்கிறோம்" என்றவருக்கும் சேர்த்துத்தான். நல்லெண்ணத்தில் தகவல் சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். பிள்ளையைக் கூப்பிட்டு வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்பது, செல்போனில் பதிவு செய்வது, இதெல்லாம் வேண்டாம். பிறகு எதிர்த்தரப்பு "வாத்தியார் சொல்லிக் கொடுத்தது" என்று அதையே பிடித்துக்கொள்ளும். பிள்ளை சொன்ன வார்த்தைகளை அப்படியே தேதியோடு எழுதி வையுங்கள், போதும்.

ஊர்க்குருவி:
அக்கா சொல்வது சட்டம். நடப்பது வேற. மும்பை ஆங்கரேஜ் வழக்கு ஞாபகம் இருக்கா? தெருப் பிள்ளைகளுக்காக இல்லம் நடத்திய இரண்டு பிரிட்டிஷ்காரர்கள். 2001-ல் புகார், 2006-ல் ஆறு வருடத் தண்டனை, 2008-ல் உயர் நீதிமன்றத்தில் விடுதலை, 2011-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி தண்டனை. அதற்குள் சாட்சி சொன்ன பையன்களுக்கு மீசை முளைத்திருக்கும்.

வக்கீல்அக்கா:
இழுத்தது உண்மைதான், ஆனால் அது போக்சோ வருவதற்கு முந்தைய வழக்கு. பீகார் முசாபர்பூரில் நடந்த பெண் பிள்ளைகள் இல்ல வழக்கைப் பாருங்கள். டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்துக் குழு தணிக்கைக்குப் போய்ப் பிள்ளைகளிடம் உட்கார்ந்து பேசியதால்தான் அது வெளியே வந்தது. 2018 மே கடைசியில் எஃப்ஐஆர், அப்புறம் சிபிஐ, உச்ச நீதிமன்றம் வழக்கைப் பீகாரிலிருந்து டெல்லிக்கு மாற்றியது. 2020 ஜனவரியில் 19 பேர் குற்றவாளிகள், இல்லத்தை நடத்திய பிரஜேஷ் தாக்கூருக்கு சாகும்வரை சிறை. பெற்றவர் யாரும் பக்கத்தில் இல்லாத பெண் பிள்ளைகள் சொன்ன சாட்சிதான் அங்கே நின்றது.

அந்த 19 பேரில் இப்படிப்பட்ட பிள்ளைகளின் பாதுகாப்பைக் கவனிக்கிற அரசுக் குழுவான குழந்தைகள் நலக் குழுவின் முன்னாள் தலைவரும் ஒருவர் என்பதையும் மறக்க வேண்டாம். அதனால் குழுவிடம் மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். முதலில் அனைத்து மகளிர் காவல் நிலையம். போலீஸ் 24 மணி நேரத்துக்குள் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும்.

என் அனுபவத்தில் வழக்கு படுப்பது பெரும்பாலும் இடையில்தான். பிள்ளையை வேறு ஊர் இல்லத்துக்கு மாற்றுவார்கள், சம்மன் பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருக்கும், கடைசியில் கோர்ட்டுக்கு வருகிற பிள்ளை முன்பின் தெரியாத முகங்களைப் பார்த்து "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றுவிடும். வழக்கு முழுக்கப் பிள்ளைக்குத் துணை நிற்கிற ஆதரவு நபர் வேண்டும் என்று முதல் நாளே எழுத்தில் கேளுங்கள். கேட்காமல் தருவார்கள் என்று இருக்காதீர்கள்.

கணக்குவாத்தியார்:
குழந்தைகள் உதவி எண் 1098-க்கு இப்போதுதான் பேசினேன். சாயங்காலம் ஸ்டேஷன் போகிறேன். கை நடுங்குகிறது, பொய் சொல்லவில்லை.

ஊர்க்குருவி:
எந்த ஊர் சார்? பக்கம் என்றால் நானும் வருகிறேன்.

வக்கீல்அக்கா:
இருவருமே போங்கள், ஊர்ப் பெயரை மட்டும் இங்கே போடாதீர்கள், பிள்ளை யாரென்று தெரிந்துவிடும், தனிமடலில் பேசிக்கொள்ளுங்கள். எஃப்ஐஆர் நகல் இலவசம், வாங்காமல் படி இறங்காதீர்கள்.