டெக்சஸ் கவுண்டி சிறைத் தளத்தில் தம்பியின் பெயரே இல்லை, எங்கே தேடுவது?

தாமிரபரணி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். என் சித்தி மகன் டாலஸ் பக்கத்தில் எச்-1பி விசாவில் வேலை செய்கிறான். நேற்று இரவு குடித்துவிட்டு கார் ஓட்டியதாகச் சொல்லி அவனைப் போலீஸ் அழைத்துச் சென்றுவிட்டதாம். அவனுடைய அறைத்தோழருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கைப்பேசி அணைந்து கிடக்கிறது. டாலஸ் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) சிறையை நடத்தும் ஷெரிஃப் தளத்தில் முழுப்பெயரையும் போட்டுத் தேடினேன். பதிவு எதுவும் இல்லை என்றே வருகிறது. கூகிளில் தேடினால் கட்டணம் கேட்கும் தளங்கள்தான் வரிசைகட்டி நிற்கின்றன. அவற்றில் ஒன்றில் சோதித்துப் பார்க்க என் பெயரையே போட்டேன். என்மீதும் கைதுப் பதிவுகள் 'இருக்கலாம்' என்றது!

கைதுப் பதிவு பொதுத் தகவல் என்கிறார்கள். அப்படியானால் ஏன் கிடைக்கவில்லை? புகைப்படமும் எல்லோர் கண்ணிலும் படுமா? ஊரில் யாருக்கும் இன்னும் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரிசல்காடு பதில்:

சகோதரி, முதலில் அந்தக் கட்டணத் தளங்களை மூடுங்கள். கவுண்டிகள் இலவசமாக வெளியிடுவதை அள்ளிவந்து, ஆறிப்போன பிறகு விலைக்கு விற்பவர்கள் அவர்கள். டாலஸ் வட்டாரத்தில் ஒரு குற்றவியல் வழக்கறிஞரின் அலுவலகத்தில் கோப்பு சுமந்து பிழைத்தவன் நான். வழக்கறிஞர் அல்லன். ஆனால் சிறைத் தளங்களில் நம்மவர் பெயர்களைத் தேடித் தேடி விரல் தேய்ந்தவன்.

'டாலஸ் பக்கம்' என்பது தேடலுக்கு உதவாது. டெக்சஸில் 254 கவுண்டிகள் இருக்கின்றன. டாலஸ் நகரமே ஒரு கவுண்டிக்குள் அடங்கவில்லை. ஃபிரிஸ்கோவில் பாதி கொலின் கவுண்டி, பாதி டென்டன் கவுண்டி. கேரல்டன் மூன்று கவுண்டிகளைத் தொடுகிறது. தம்பி எங்கே குடியிருக்கிறான் என்பது பொருட்டில்லை. எந்தத் தெருவில் வண்டியை நிறுத்தினார்கள் என்பதுதான் கணக்கு. அறைத்தோழரிடம் அதைக் கேளுங்கள்.

அடுத்தது நேரம். பல நகரங்களில் போலீசாருக்கே சிறு காவல்கூடம் உண்டு. முதலில் அங்கேதான் வைப்பார்கள். பிறகே கவுண்டி சிறை. அங்கே கைரேகை, புகைப்படம், உடைமைப் பட்டியல் எல்லாம் முடிந்து புக்கிங் எண் (சிறைப் பதிவு எண்) விழுந்த பின்புதான் பெயர் இணையத்தில் ஏறும். 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்திக் குற்றச்சாட்டைச் சொல்ல வேண்டும். பிணைத் தொகையும் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். நகரக் காவல்கூடத்திலேயே பிணை கட்டி வெளியே வந்துவிட்டால் கவுண்டித் தளத்தில் பெயர் வராமலே போகலாம். ஆகவே அந்த நகரப் போலீசையும் தொலைபேசியில் கேளுங்கள்.

இனி நம் சாபக்கேட்டுக்கு வருகிறேன்: பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் இருக்கும் ஒரே பெயரைக் குடும்பப்பெயராக்கி, முதற்பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' (முதற்பெயர் தெரியவில்லை) என்று போட்டுவிடுவார்கள். ஓட்டுநர் உரிமத்துக்கும் அதுவே போகும். சிறை எழுத்தரும் உரிமத்தைப் பார்த்துத் தட்டுவார். செந்தில் குமார் முருகேசன் என்று ஒருவர் இருந்தால், அவரைக் 'குமார், செந்தில்' என்றும் தேட வேண்டும், 'முருகேசன், செந்தில்' என்றும் தேட வேண்டும், 'செந்தில்குமார், எஃப்.என்.யு.' என்றும் தேட வேண்டும். அப்பா பெயரை முதற்பெயராக வைத்துத் திருப்பியும் போட்டுப் பாருங்கள். கட்டத்துக்குள் அடங்காமல் வால் அறுந்த பாலசுப்பிரமணியன்களைப் பார்த்திருக்கிறேன். முழுப்பெயரைப் போடுவதுதான் பெரிய தடை. முதல் மூன்று நான்கு எழுத்துகள் போதும். பிறந்த தேதி கேட்டால் மாதம் முதலில் வரும், மறவாதீர்கள்.

கிடைத்ததும் புக்கிங் எண், குற்றச்சாட்டு, பிணைத் தொகை மூன்றையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். தம்பி சிறையிலிருந்து கூப்பிட்டால் 'என்னடா நடந்தது, எவ்வளவு குடித்தாய்?' என்று விசாரிக்க வேண்டாம். அந்த அழைப்புகள் பதிவாகின்றன. அரசு வழக்கறிஞர் கேட்க முடியும். நலமா, சாப்பிட்டாயா, வழக்கறிஞர் வருகிறார். இதற்குமேல் ஒரு சொல் வேண்டாம்.

மூன்றாம்சாமம் பதில்:

ஒரு சேர்க்கை. கவுண்டியில் இருந்தவர் திடீரென்று பட்டியலிலிருந்து மறைந்து, வீட்டுக்கும் வரவில்லையென்றால் குடிவரவு அமலாக்கத் துறையின் காவலுக்கு மாற்றப்பட்டிருக்கலாம். அதற்குத் தனித் தேடல் தளம் உண்டு. வெளிநாட்டவர் பதிவு எண் இல்லாவிட்டாலும் பெயரும் பிறந்த நாடும் கொடுத்துத் தேடலாம். ஆனால் அங்கே பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். கரிசல்காடு சொன்ன நான்கு எழுத்து வித்தை அங்கே பலிக்காது. உங்கள் தம்பிக்கு முறையான விசா இருப்பதால் இப்போதே அங்கே ஓட வேண்டியதில்லை.

தாமிரபரணி:

கிடைத்துவிட்டான்! டாலஸ் இல்லை, கொலின் கவுண்டி. அப்பா பெயர் முதற்பெயராகவும் அவன் பெயர் குடும்பப்பெயராகவும் இருக்கிறது. குற்றச்சாட்டு பி வகுப்புச் சிறுகுற்றம் என்று போட்டிருக்கிறது. இரண்டு புதுக் கவலைகள். அவன் படத்தை யாரோ அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். இன்னொன்று, பிணை முகவர் (கட்டணம் வாங்கிக்கொண்டு பிணைக்குப் பொறுப்பேற்பவர்) என்று ஒருவர் என்னை அழைத்தார். அவன் பெயர், பிறந்த தேதி, புக்கிங் எண், பிணைத் தொகை எல்லாம் சரியாகச் சொல்லி, ஒரு மணி நேரத்துக்குள் கைப்பேசி வழியாகப் பணம் அனுப்பச் சொல்கிறார்.

கரிசல்காடு பதில்:

ஒரு காசும் அனுப்பாதீர்கள். அவர் சொன்ன விவரங்களெல்லாம் யாரும் படிக்கக்கூடியவை. பொதுப் பதிவை உறவினருக்கு முன்னால் படிப்பவர்கள் இந்த மோசடிக்காரர்கள்தான். உங்கள் எண் எப்படிக் கிடைத்தது? அந்தக் கட்டணத் தளங்களில் எங்காவது கொடுத்தீர்களா? இல்லாவிட்டாலும், ஒருவருடைய உறவினர்களையே பட்டியல் போட்டு விற்கும் தளங்கள் இங்கே உண்டு. சிறை எண்ணை ஷெரிஃப் தளத்திலிருந்து எடுத்து நீங்களே அழையுங்கள். ரொக்கப் பிணையை நேரடியாகக் கவுண்டியிடம் கட்டினால், அவன் நீதிமன்றத்தில் எல்லா வாய்தாவுக்கும் ஆஜரானால், வழக்கு முடிந்ததும் சிறு கழிவுடன் திரும்பும். முகவருக்குத் தரும் கட்டணம் திரும்பாது. பொதுவாக அது பிணைத் தொகையில் பத்தில் ஒரு பங்கு.

படத்தைப் பொறுத்தவரை, மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். ஃபுளோரிடாவில் தாராளமாகக் கிடைக்கும். நியூயார்க் 2019-ல் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. ஜார்ஜியாவில் கைது செய்யும் துறை தன் இணையதளத்தில் போடக்கூடாது என்று 2014-லேயே சட்டம் வந்தது. கலிஃபோர்னியாவில் 2022 முதல், வன்முறையல்லாத குற்றமென்றால் போலீஸ் சமூக ஊடகத்தில் படம் போடத் தடை உண்டு. டெக்சஸில் கவுண்டிக்கு ஒரு வழக்கம். படத்தை ஏற்றிவிட்டு, நீக்கக் கூலி கேட்ட ஒரு தளத்தை நடத்தியதாக நால்வர்மீது, மிரட்டிப் பணம் பறித்ததாக 2018-ல் கலிஃபோர்னியா அரசு வழக்கே போட்டது. நீக்குகிறேன் என்று பணம் கேட்டு வரும் மின்னஞ்சலுக்குப் பதில் எழுத வேண்டாம், வழக்கறிஞரிடம் கொடுங்கள். வாட்ஸ்அப் பெரிய மனிதரிடம் ஒன்று சொல்லலாம்: அந்தப் பக்கத்தில் இருப்பது குற்றச்சாட்டு, தீர்ப்பு அல்ல. கேட்பாரா என்பது வேறு. வழக்கின் போக்கைப் பார்க்கச் சிறைத் தளம் உதவாது. சிறுகுற்றமாதலால் கவுண்டி நீதிமன்ற எழுத்தர் அலுவலகத்தின் பதிவில் தேடுங்கள்.

மூன்றாம்சாமம் பதில்:

விசா பற்றி யாரும் சொல்லவில்லையே. குடித்து ஓட்டியதாகக் கைதானாலே, தண்டனை இல்லாமலேயே, பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரையை வெளியுறவுத் துறை ரத்து செய்யக்கூடும். அதனால் மட்டும் இங்கே தங்கும் தகுதி உடனே போய்விடாது. நாட்டைவிட்டு வெளியே போனால் புது விசா இல்லாமல் திரும்ப முடியாது. ஊருக்கு டிக்கெட் எடுத்திருந்தால் விமானம் ஏறுமுன் குடிவரவு வழக்கறிஞரைப் பார்க்கட்டும். வழக்கு தள்ளுபடியானாலும் டி.எஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தில் கைது பற்றிய கேள்விக்கு 'ஆம்' என்றுதான் பதில். அப்போது நீதிமன்ற ஆவணம் கேட்பார்கள். டெக்சஸில் பதிவை அழிக்க மனுப்போட வழி உண்டு. ஆனால் அழித்தபின் நகல் வாங்குவது பெரும்பாடு. முதலில் சான்றிட்ட நகல்கள் வாங்கி வைத்துக்கொள்ளட்டும், அதன் பிறகு மனுப்போடட்டும்.