வீட்டிலேயே ஆஸ்பத்திரி: பகலில் போன் யார் கையில்?

பாளை வாசி:
வீட்டில் வைத்தே ஆஸ்பத்திரி வைத்தியம் பார்ப்பது பணக்காரர் சமாச்சாரம் என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சலாக வந்தது. 2020 ஏப்ரலிலிருந்து இ-சஞ்சீவனி என்ற அரசாங்க வீடியோ வைத்திய சேவையில் காசில்லாமல் டாக்டரைப் பார்க்கலாம். 2021 ஆகஸ்ட் 5-இல் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கி, பிரஷர், சுகர் மாத்திரை வாசலுக்கே வருகிறது. வீட்டுக்கு வீடு டச் போன் இருக்கிறது. இன்னும் என்ன வேண்டும்?

ஆலங்குளத்துக்காரி:
எழுதியது நான்தான் அண்ணாச்சி. வீட்டுக்கு வீடு போன் என்கிறீர்களே, பகலில் அது யார் கையில்? எங்கள் வீட்டில் தம்பி கையில். காலையில் வேலைக்குப் போனால் ராத்திரி எட்டு மணிக்குத்தான் வருவான். பீடித் தட்டோடு அம்மா தனியாக இருப்பாள். இதயம் பலவீனம். வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளலாம் என்ற தனியார் ஆஸ்பத்திரியில், தினமும் எடை பார்த்து போனில் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடம்பில் நீர் கோக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு ஏறிவிட்டது. சொல்லப் போன் இல்லை. தம்பி வந்துதான் அனுப்பினான். அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் மறுநாள் பத்து மணி வரை ஒருவரும் பார்க்கவில்லை. மூச்சு முட்டி, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அம்பைக்காரன்:
மாத்திரை கொண்டு வருவது வேறு, வீட்டில் படுக்கை போட்டு டாக்டர் கண்காணிப்பது வேறு. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் சொல்லுங்கள்.

பாளை வாசி:
ஒரு வீட்டில் நடந்ததை ஊர்க் கதையாக்காதீர்கள். மொய் எழுதக் காசு இருக்கிறது, இன்னொரு போன் வாங்க இல்லையா?

ஆலங்குளத்துக்காரி:
மொய் திரும்பி வரும் அண்ணாச்சி. போனுக்கு மாதாமாதம் ரீசார்ஜ் யார் போடுவது? டச் போனே வேண்டாம். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலில் வெறும் குரல் அழைப்புக்கும் இடம் இருக்கிறது. எடை மிஷினோடு ஒரு பட்டன் போனையும் அம்மா கையில் கொடுங்கள். நர்ஸ் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடட்டும். ராத்திரியிலும் எடுக்க ஆள் இருக்கட்டும். நோயாளி கையில் போன் இல்லாமல் என்ன வீட்டு வைத்தியம்?

காரையார் பக்கம்:
நீங்கள் போனுக்குச் சண்டை போடுகிறீர்கள். காணிக்காரப் பழங்குடிகள் இருக்கும் இஞ்சிக்குழிக்குப் போக காரையார் அணையைப் படகில் தாண்டி, அப்புறம் காட்டுக்குள் நடக்க வேண்டும். அங்கே சிக்னலைத் தேடுவதா, நோயாளியைப் பார்ப்பதா?

பாளை வாசி:
காட்டை வைத்து நாட்டுக்குத் திட்டம் போட முடியாது. அப்புறம் ஆலங்குளம் 2019-லேயே நெல்லையிலிருந்து பிரிந்து தென்காசி மாவட்டத்துக்குப் போயாயிற்று. மாவட்டம் பிரித்தபோது இதே அக்கா என்னிடம் எப்படிப் பேசினார் என்பதை நான் மறக்கவில்லை.

காரையார் பக்கம்:
காணிக்காரர்கள் நாட்டில் சேர்த்தி இல்லையா? இதற்குப் பதில் சொல்லுங்கள்.

அம்பைக்காரன்:
நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

ஆலங்குளத்துக்காரி:
மாவட்டம் எதுவாக இருந்தால் என்ன, மூச்சு முட்டினால் நாங்கள் வருவது ஹைகிரவுண்டுக்குத்தான். பேச்சை மாற்றாதீர்கள். பகலில் போன் யார் கையில்?

பாளை வாசி:
என் வீட்டில் மூன்று போன் இருக்கிறது.

ஆலங்குளத்துக்காரி:
அதைத்தான் நேற்று எழுதினேன்.

பாளை வாசி:
மூன்று போன் இருந்தால் பணக்காரனா? பென்ஷனில் காலம் தள்ளுகிறவன் நான். வார்த்தையை அளந்து பேசுங்கள்.