கால் சென்டர் வேலை: தம்பியை அனுப்பலாமா?

முத்துநகர்:
தூத்துக்குடியில் பி.ஏ. முடித்த தம்பிக்கு சென்னை ஓ.எம்.ஆரில் வாய்ஸ் ப்ராசஸ் (வாடிக்கையாளர்களிடம் போனில் பேசும்) வேலை கிடைத்திருக்கிறது. அமெரிக்க வாடிக்கையாளர்கள், நைட் ஷிஃப்ட். அனுப்பலாமா?

கரிசல்காட்டான்:
தாராளமாக அனுப்புங்கள். கேம்பஸ் இன்டர்வியூவே வராத கல்லூரிப் பிள்ளைகளை வேறு யார் எடுக்கிறார்கள்? மாதாமாதம் சம்பளம், பி.எஃப்., ராத்திரிக்கு கேப். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ.யும் உண்டு, அவரை நம்பியிருக்கும் அப்பா அம்மாவுக்கும் அதில் வைத்தியம் பார்க்கலாம். என் அக்கா மகள் ஆங்கிலத்தில் வாய் திறக்கவே பயந்தவள். இன்று புது ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாள்.

நிலாமுற்றம்:
அண்ணே, அந்த கேப் எத்தனை மணிக்கு வீட்டில் விடும் என்றும் சொல்லுங்கள். நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் இங்கே மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. கலிஃபோர்னியா என்றால் இன்னும் 3 மணி நேரம் தள்ளிப்போய் விடிந்துவிடும். இரவுப் பணியைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இல் சேர்த்தது, 2019-இலும் எடுக்கவில்லை.

உடம்பை விடுங்கள். கணவர் இறந்துவிட்டார், அவர் பேரில் இருக்கும் இணைப்பை நிறுத்துங்கள் என்று ஒரு பாட்டி அழுதுகொண்டே பேசுவார். ஆறுதலாக நாலு வார்த்தை சொன்னால் ஏ.எச்.டி. (ஒரு அழைப்புக்கு ஆகும் சராசரி நேரம்) ஏறும், இன்சென்டிவ் போகும். அவசரப்படுத்தினால் அவர் குறைந்த ரேட்டிங் கொடுப்பார், அதற்கும் திட்டு நமக்குத்தான். நான் அந்த ஹெட்செட்டைக் கழற்றியதற்குக் காரணம் இதுதான்.

கரிசல்காட்டான்:
ஏ.எச்.டி. கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஊரில் மாற்று வேலை ஜவுளிக்கடை. அங்கே உட்கார இருக்கை கொடுக்கவே 2021-இல் சட்டம் திருத்த வேண்டியிருந்தது.

நிலாமுற்றம்:
அதைவிட இது மேல் என்பதால் இது நல்ல வேலை ஆகிவிடாது. இருக்கை வேண்டும் என்று கேட்டதால்தான் அந்தச் சட்டம் வந்தது. கழிப்பறைக்குப் போவதையும் பிரேக் கணக்கில் எழுதும் இடத்தில் யார் கேட்பது?

வைப்பாறு:
முத்துநகர், முதலில் தமிழ் ப்ராசஸ் (தமிழ் வாடிக்கையாளர்களிடம் பேசும் வேலை) ஏதாவது கிடைக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சம்பளம் குறைவுதான், ஆனால் பகல் ஷிஃப்ட் கிடைக்க வாய்ப்பு அதிகம். இதற்கே போவதென்றால், வார விடுமுறை இரண்டு நாளும் சேர்ந்து வருமா, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை ஷிஃப்ட் மாறும் என்று எழுத்தில் கேட்டு வாங்கட்டும். ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கேட்டால் கொடுக்கவே கூடாது.