பி12 ஊசி ஏற்றிய பிறகும் களைப்புத் தீரவில்லை: அன்றாட வேலைகளை எப்படிச் சமாளிப்பது?

கேள்வி: உவர்மலை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 46 வயது. திருகோணமலை நகரப் பாடசாலை ஒன்றில் கற்பிக்கிறேன். பிறந்ததிலிருந்து சைவச் சாப்பாடு. நீரிழிவுக்காகப் பல வருடங்களாக மெட்போமின் எடுத்து வருகிறேன். இந்த வருடத் தொடக்கத்தில் நாக்கு சிவந்து வழவழப்பாகி, சாதாரணக் குழம்பு பட்டாலே எரியத் தொடங்கியது. பாதங்கள் விறைத்தன. வகுப்புக்கு மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடத்தது. பரிசோதனையில் ஈமோகுளோபின் 7.6 என்றும், செங்குழியங்கள் வழமையைவிடப் பெரியவை என்றும், விற்றமின் பி12 மிகக் குறைவு என்றும் வந்தது. ஊசி ஏற்றத் தொடங்கிய பின் நாக்கு ஆறிவிட்டது. ஈமோகுளோபினும் இப்போது 11.7க்கு வந்துவிட்டது.

ஆனால் களைப்பு மட்டும் போகவில்லை. பாடசாலை விட்டு வந்ததும் சேலையைக்கூட மாற்றாமல் படுத்துவிடுகிறேன். அதிலும் கச்சான் காற்று வீசும் இந்த நாட்களில் நண்பகலுக்குப் பின் கை கால் ஓடுவதே இல்லை. "இரத்தம் ஏறிவிட்டதே, இன்னும் என்ன களைப்பு?" என்று வீட்டில் கேட்கிறார்கள், அவர்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. இது வழமையானதுதானா? வேலைகளை எப்படி ஒழுங்குபடுத்தலாம்? பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் தன்னிடமுள்ள போலிக் அமிலக் (folic acid, இதுவும் ஒரு பி விற்றமின்) குளிசைகளைத் தருவதாகச் சொல்கிறார், எடுக்கலாமா? அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

பதில் 1: நிலாவெளி வாசகர்

தங்கைக்கு வணக்கம். உங்கள் களைப்பு கற்பனையும் இல்லை, சோம்பலும் இல்லை. அதை முதலில் வீட்டாருக்கும் வாசித்துக் காட்டுங்கள். எனக்கு வந்தது இதே நோயின் இன்னொரு வகை. உணவிலுள்ள பி12ஐக் குடல் உறிஞ்சுவதற்கு இரைப்பை ஒரு புரதத்தைச் சுரக்க வேண்டும். என் உடலின் எதிர்ப்புச் சக்தியே அந்தச் சுரப்பைக் கெடுத்துவிட்டதால் ஆயுள் முழுவதும் ஊசி என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். நான் மீன் தின்னும் கரையோரத்தவன், ஆகையால் இது சைவக்காரருக்கு மட்டும் வரும் நோய் என்றும் யாரும் நினைக்க வேண்டாம்.

ஊசி ஏற்றி ஒரு வாரத்துக்குள் எலும்பு மச்சை புதிய செங்குழியங்களை வேகமாக உருவாக்கத் தொடங்கிவிடும். ஈமோகுளோபின் நிமிர ஏறக்குறைய 2 மாதங்கள் செல்லலாம். ஒரு செங்குழியத்தின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால், குறைபாட்டுக் காலத்தில் பிறந்த பெரிய கலங்களில் கொஞ்சம் இன்னும் உங்கள் இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கக்கூடும். நரம்புகளின் கதை வேறு. கால் விறைப்பு, மறதி, மனம் ஒன்றில் நிற்காத தன்மை ஆகியவை சீராகப் பலருக்கு 6 மாதம் முதல் ஒரு வருடம் வரை செல்கிறது. நெடுங்காலம் கவனிக்காமல் விட்டவர்களுக்குச் சிறிது மிஞ்சிவிடுவதும் உண்டு. போதாததற்கு, மாதக்கணக்காக ஓடியாடாமல் இருந்ததால் தசைகளும் வலுக் குறைந்திருக்கும். ஆய்வுகூட அறிக்கையில் ஒரு எண் நிமிர்ந்த அன்றே இவையெல்லாம் நிமிர்ந்துவிடும் என்று எதிர்பார்ப்பது உங்கள் உடலுக்குச் செய்யும் அநியாயம்.

நான் கடைப்பிடித்த வழி இதுதான்: களைத்த பிறகு ஓய்வெடுப்பதை விட்டு, களைப்பதற்கு முன்பே ஓய்வெடுத்தேன். நன்றாக இருக்கும் நாளில் விட்ட வேலையெல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு அடுத்த நாள் முழுவதும் கிடப்பதுதான் நம் எல்லாரையும் இழுத்து விழுத்துவது. ஆகவே நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் ஏறக்குறைய ஒரே அளவு செய்யுங்கள். உங்கள் வகுப்புகளைக் கீழ்மாடிக்கு மாற்ற முடியுமா என்று அதிபரிடம் கேளுங்கள். மருத்துவச் சான்றுடன் கேட்பதில் கூச்சம் எதற்கு? மரக்கறி வெட்டுவது, உடுப்பு மடிப்பது எல்லாவற்றையும் இருந்துகொண்டே செய்யுங்கள். தேங்காய் திருவுவதை வீட்டில் வேறொருவர் ஏற்கட்டும்.

மாலையில் வெயில் தாழ்ந்ததும் சிறிது நடப்பது மிகவும் உதவும். உப்புவெளிக் கடற்கரைக்குப் போவீர்களானால் மேட்டிலுள்ள உதிரி மணலில் நடக்காமல், அலை நனைத்து இறுகிய ஈரமணலில் நடந்து பாருங்கள்; உதிரி மணலில் ஒவ்வொரு அடியும் புதைவதால் கெண்டைக்கால் சீக்கிரம் ஓய்ந்துவிடும். நீரிழிவும் விறைப்பும் உள்ள கால் என்பதால் செருப்பைக் கழற்றவே வேண்டாம். சிப்பி வெட்டினாலும் சுடுமணல் சுட்டாலும் உங்களுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலைப் பார்த்துவிடுங்கள். கோணேசர் கோவில் ஏற்றத்தை இப்போதைக்கு நடந்து ஏற வேண்டாம், வாகனத்தில் மேலே வரை போய்க் கும்பிடலாம்.

பதில் 2: ஓய்வுபெற்ற தாதி, பாலையூற்று

தங்கச்சி, மேலே ஐயா எழுதியது சரி. ஆனால் "காலம் எடுக்கும்" என்று மட்டும் சொல்லிப் பொறுத்திருக்க வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

முதலில் போலிக் அமிலம். பி12 குறைபாடு சரியாகத் திருத்தப்படாத ஒருவர் போலிக் அமிலத்தை மட்டும் எடுத்தால் இரத்த அறிக்கை அழகாகிவிடும், நரம்புச் சேதமோ உள்ளே தொடர்ந்து நடக்கும். உங்களுக்கு ஊசி நடப்பதால் அந்த ஆபத்துக் குறைவு. என்றாலும் பிறருடைய குளிசை வேண்டாம், தேவையா என்பதை உங்கள் வைத்தியரே சொல்லட்டும்.

அடுத்தது இரும்புச்சத்து. மச்சை ஒரேயடியாகப் புதிய கலங்களை உருவாக்கும்போது இருப்பிலுள்ள இரும்பு விரைவாகச் செலவாகும். தொடக்கத்தில் மறைந்திருந்த இரும்புக் குறைபாடு இந்தக் கட்டத்தில்தான் பலருக்கு வெளியே தெரிகிறது; மாதவிடாய் அதிகமாகப் போகும் பெண்களுக்குச் சொல்லவே தேவையில்லை. அடுத்த கிளினிக்கில் பெரிட்டின் (உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) பார்க்கலாமா என்று கேளுங்கள். கூடவே தைரொயிட், சிறுநீரகம், சீனி அளவு ஆகியவற்றையும் பார்ப்பது நல்லது, ஏனெனில் இவை ஒவ்வொன்றும் தனியாகவே ஆளைக் களைக்க வைக்கும். நித்திரை குழம்புகிறதா, மனம் சோர்ந்திருக்கிறதா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

மெட்போமின் நீண்ட காலம் எடுப்பவர்களுக்கு பி12 குறையலாம். வயிற்றெரிவுக்கு எடுக்கும் ஓமிப்பிரசோலும் அப்படியே. அதற்காக மெட்போமினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். காரணம் சாப்பாடா, மருந்தா, உறிஞ்சும் குறையா என்பதைத் தெளிவாகக் கேட்டறியுங்கள், ஏனெனில் ஊசி எத்தனை காலம் என்பது அதைப் பொறுத்தது. ஈரலில் பி12 பல வருடங்களுக்குப் போதுமான அளவு சேமிப்பில் இருப்பதால் குறைபாடு மிக மெதுவாகத்தான் வரும். அதனால்தான் தெம்பு வந்ததும் ஊசி நாளைத் தவறவிட்ட பலர், ஒன்றும் ஆகவில்லை என்று நம்பி, பிறகு கால் தள்ளாட வந்து நிற்பார்கள். அப்படி வந்தவர்களை நான் கண்டிருக்கிறேன், மனது பொறுக்காது.

நெஞ்சு வலி, சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்குதல், மயக்கம், கால் வீக்கம், நடை தள்ளாடுதல், சிறுநீரை அடக்க முடியாமை இவற்றில் எது வந்தாலும் கிளினிக் நாள் வரை காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

பதில் 3: சைவக் குடும்பத் தலைவி, செல்வநாயகபுரம்

சாப்பாட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். முருங்கை இலை, பொன்னாங்காணி, வல்லாரை எல்லாம் நல்லவைதான். ஆனால் கீரை எதிலும் நம்பத்தக்க அளவு பி12 இல்லை. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 2.4 மைக்ரோகிராம் தேவை. ஒரு கோப்பைப் பாலில் சுமார் 1 மைக்ரோகிராம் இருக்கும். ஆகவே சைவக்காரருக்குப் பாலும் தயிருமே துணை. முட்டை சேர்ப்பவர்களுக்கு அதுவும் உதவும். மீன் சாப்பிடும் வாசகர்களுக்குச் சூடையும் மட்டியும் போதும், விலை கூடிய மீனைத் தேடி அலையத் தேவையில்லை. ஆனாலும் குறைபாடு வந்தபின் சாப்பாடு ஊசிக்குப் பதிலாகாது.

இரும்புக்கு ஒரு சிறு திருத்தம் செய்யலாம். சோறு சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிக்கும் பழக்கத்தை விட்டு, ஒரு மணித்தியாலமாவது கழித்துக் குடியுங்கள். தேயிலை இரும்பை உறிஞ்சவிடாது. கீரைச் சுண்டலை இறக்கியபின் தேசிக்காய்ப் புளி விட்டால் அதிலுள்ள இரும்பு நன்றாகச் சேரும். நீரிழிவுக்காரர் என்பதால் பேரீச்சம்பழத்தை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

உவர்மலை ஆசிரியை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முதல் பதிலை நேற்று இரவு வீட்டில் எல்லாரும் இருக்கும்போது வாசித்தேன். தேங்காய் திருவும் வேலையை மகன் எடுத்துக்கொண்டான். கீழ்மாடி வகுப்புக்கு அதிபருக்குக் கடிதம் எழுதியாகிவிட்டது. பெரிட்டின் இதுவரை பார்க்கப்படவில்லை என்பதும் பழைய அறிக்கைகளைப் புரட்டியபோது தெரிந்தது. இன்னொன்று கேட்க வேண்டும்: அடுத்த ஊசி நெருங்கும் நாட்களில் களைப்புக் கூடுவது போல் இருக்கிறது. இதையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டுமா?

ஓய்வுபெற்ற தாதி, பாலையூற்று

கட்டாயம் சொல்லுங்கள், தங்கச்சி. பலர் இப்படிச் சொல்வதுண்டு. ஊசி ஏற்றிய திகதியையும், களைப்பும் விறைப்பும் கூடிய நாட்களையும் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டு போங்கள்; இடைவெளியைக் குறைக்க வேண்டுமா என்று முடிவெடுக்க வைத்தியருக்கு அது உதவும்.