பெயர்ச்சியா, விலகலா, பிசகா?

அனைவருக்கும் வணக்கம்.

தருமபுரியில் பல்சுமப்பி முறையை (ஒரே செய்தியைப் பல சுமப்பி அதிர்வெண்களில் பங்கிட்டு அனுப்பும் OFDM) பாடம் எடுக்கும்போது ஆண்டுதோறும் இடறும் இடம் இது: அனுப்பியின் அதிர்வெண்ணும் வாங்கியின் அதிர்வெண்ணும் சற்றே ஒட்டாமல் நிற்கிறதே, அதற்கு (ஆங்கிலத்தில் ‘frequency offset’) தமிழில் என்ன பெயர்?

நண்பர் ‘அதிர்வெண் பெயர்ச்சி’ என்றார். அது டாப்ளர் விளைவுக்கு, அதாவது நகர்வதால் அதிர்வெண் மாறுவதற்கு, போய்விட்ட சொல். 2 கிகாஹெர்ட்சில் பேசியபடி கிருஷ்ணகிரிப் பேருந்தில் மணிக்கு 90 கிலோமீட்டரில் போனால் டாப்ளர் தருவது 167 ஹெர்ட்ஸ்தான். கைபேசிக்குள் அதிர்வெண் தரும் படிகம் பத்து லட்சத்தில் 10 பங்கு தள்ளி ஓடினால் 20 கிலோஹெர்ட்ஸ்! பெரிய பங்காளி இருக்கச் சின்னவன் பெயரையா வைப்பது? ‘விலகல்’ பண்பலையில் வேண்டுமென்றே செய்வது, அதுவும் ஆகாது.

‘அதிர்வெண் பிசகு’ என்கிறேன். வகுப்பில் மானாவாரிக் காட்டைத்தான் காட்டுவேன். எல்டிஇ-யில் (4ஜி கைபேசி முறை) ஒவ்வொரு சுமப்பியும் ஒரு சால்; சாலுக்குச் சால் 15 கிலோஹெர்ட்ஸ். ஊடுழவு ஓட்டுகிறவர் ஒரு சாண் தள்ளி இறங்கினால் ஒரு சால் மட்டுமா கெடும்? எல்லாச் சாலிலும் பயிர் சாயும்.

மறுமொழி, கிருஷ்ணகிரியிலிருந்து:

ஐயா, பிசகு என்றால் யாரோ தப்பு செய்தது போல இருக்கிறதே. இரண்டு படிகமும் தத்தம் வரம்புக்குள்தான் ஓடுகின்றன.

அப்புறம், உங்கள் 20 கிலோஹெர்ட்சையே எடுத்துக்கொள்வோம். இந்தத் தள்ளலை அளக்க மூஸ் என்ற ஆய்வாளர் 1994-இல் சொன்னபடி ஒரே குறியை (ஒரு தடவை அனுப்பும் அலைத்துண்டை) அடுத்தடுத்து இருமுறை அனுப்பினால், இரண்டாவது 480 பாகை சுழன்று வரும். ஒரு சாலுக்கு ஒரு முழுச் சுற்று, 360 பாகை; அது மறைந்துபோய் வாங்கிக்குத் தெரிவதோ 120 பாகை. ‘பிசகு 5 கிலோஹெர்ட்ஸ்’ என்று முடிவுகட்டிவிடும்; முழுதாக ஒரு சால் தள்ளியது தெரியவே தெரியாது. மறைந்ததற்கும் தெரிந்ததற்கும் ஒரே பெயரா?

மறுமொழி, தருமபுரியிலிருந்து:

சரி, நல்ல கேள்வி. முழுச்சாலாகத் தள்ளுவதைச் ‘சால் தாண்டல்’ என்போம், மிச்சத்தைப் ‘பின்னப் பிசகு’ என்போம்.

தப்பு யார்மேல் என்கிறீர்கள். மூட்டு பிசகினால் எந்த எலும்பின்மேல் தப்பு? இரண்டும் முறியாமல்தான் இருக்கும், பொருத்தம்தான் போயிருக்கும். கட்டுக் கட்டுகிறவரும் எடுத்த எடுப்பில் இழுக்க மாட்டார். எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று விரலால் தடவிப் பார்ப்பார். அந்தத் தடவலுக்கு ‘மதிப்பீடு’ என்றால் மாணவர்களுக்குத் தேர்வுத்தாள்தான் ஞாபகம் வரும். ‘பிசகு கணிப்பு’ என்று பாடக்குறிப்பில் எழுதிவிட்டேன். திங்கட்கிழமை அவர்கள் வாயில் நுழைகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.