மறு: இடைவெளியா, ஆவர்த்தனமா, தவணையா? ஷெல் நிரலின் சீரான ஓட்டத்துக்கு ஒரு சொல்

> நிமிடத்துக்கு ஒருக்கா கட்டளையை ஓட்டுவதற்கு ‘இடைவெளி ஓட்டம்’ போதுமே, தம்பி. புதுச்சொல் எதற்கு?

நானா, நம் கணினிச் சொற்பட்டியலுக்குத்தான் கேட்கிறேன். இடைவெளி என்றால் ஒன்று முடிந்து மற்றது தொடங்கும்வரை உள்ள வெளி. ஷெல்லில் (கட்டளைகளை எழுத்தில் கொடுத்துக் கணினியை இயக்கும் இடம்) 60 செக்கன் சும்மா இருக்கச் சொல்லும் ‘ஸ்லீப் 60’ அச்சொட்டாக அதைத்தான் செய்கிறது. பிழையும் அங்கேதான் கிடக்கிறது. மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தடியில் வாவியின் நீர்மட்டத்தை நிமிடந்தோறும் பதியவேண்டும் என்று வைப்போம். உணரியை வாசித்துக் கோப்பில் எழுத 3 செக்கன் போனால் ஒரு சுற்று 63 செக்கன். நாளொன்றுக்கு 1440 பதிவு வரவேண்டிய இடத்தில் 1371தான் வரும். இப்படிச் சேர்ந்து சேர்ந்து பிந்துவதை ‘நழுவல்’ என்று வைத்துக்கொள்வோம்.

வேண்டியது தொடக்கத்திலிருந்து தொடக்கம்வரை 60. ‘ஆவர்த்தனம்’ பௌதிகப் பாடத்தில் பழகிய சொல், பிழையில்லை. ஆனால் அது எவ்வளவு காலம் என்று சொல்லுமே தவிர, எந்தக் கணத்தில் என்று சொல்லாது. என் முன்மொழிவு ‘தவணை’. கடன் தவணை 5ஆந் திகதி என்றால், இந்த மாதம் 8ஆந் திகதி கட்டினாலும் அடுத்தது 5ஆந் திகதிதான். நிரலையும் அப்படியே எழுதலாம்: நேரத்தைச் சொல்லும் டேட் கட்டளை தரும் எப்பொக் செக்கனை (1970 தொடக்கத்திலிருந்து எண்ணிவரும் செக்கன்) 60ஆல் வகுத்து, மீதியை 60இலிருந்து கழித்து, வருவதை ஸ்லீப்புக்குக் கொடுங்கள். கட்டளை 3 செக்கன் எடுத்தாலும் 20 எடுத்தாலும் அடுத்த ஓட்டம் நிமிடம் புரளும்போதுதான். முழுச் செக்கனில் கணக்கிடுவதால் ஒரு செக்கனுக்குட்பட்ட ஆட்டம் இருக்கும், ஆனால் சேராது.

நனோசெக்கன் வரை போகிறவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். டேட் தரும் நனோசெக்கன் சைபரில் தொடங்கலாம். அப்படியான எண்ணை பாஷ் (பரவலாகப் பயன்படும் ஷெல்) எண்ம எண்ணாக, அதாவது 8ஐ அடியாகக் கொண்டதாக எடுக்கும். உள்ளே 8 அல்லது 9 இருந்தால் பிழை சொல்லும். இல்லாவிட்டால் சத்தமில்லாமல் தவறான விடை தரும், அதுதான் மோசம். எண்ணுக்கு முன்னால் 10ஐயும் ஹாஷ் குறியையும் போட்டால் சரி.

மணித்தியாலத் தவணைக்கு 3600ஆல் வகுத்தால் நம்மூரில் 8.30, 9.30 என்று அரைமணியில் போய் விழும். எப்பொக் கிறீனிச் நேரக் கணக்கு. நாம் ஐந்தரை மணித்தியாலம் முன்னால். வகுக்க முதல் 19800ஐக் கூட்டுங்கள். 5, 15, 30 நிமிடத் தவணைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

> தவணை எனக்குச் சரி. கட்டளை 60 செக்கனைத் தாண்டி இழுத்தால்?

அது ‘தவணை தவறல்’. மீதிக் கணக்கில் தவறிய தவணை போனது போனதுதான், அடுத்த நிமிடத்துக்குக் காத்திருக்கும். அடுத்த நேரத்தை ஒரு மாறியில் வைத்து 60 கூட்டிக்கொண்டு போனால், கழித்த விடை மறையாக வரும். ஸ்லீப் அதன் கழித்தல் குறியைப் பார்த்துக் கட்டளைத் தெரிவு என்று எடுத்துப் பிழை சொல்லித் தூங்காமலே திரும்பும். விட்டதைப் பிடிக்கும்வரை கட்டளை அடுத்தடுத்து ஓடும். நீர்மட்டப் பதிவுக்கு அது குப்பை. கட்டளைக்கு முன்னால் ‘டைம்அவுட் 50’ போட்டுவிடுங்கள், 50 செக்கனில் அதை நிறுத்திவிடும். குறித்த நேரத்தில் கட்டளையைத் தொடக்கிவிடும் கிறொனில் ஓட்டினால் பழையது முடியமுன் புதியது தொடங்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் ஓடவிடும் எஃப்லொக் கொண்டு பூட்டவேண்டும். கிறொனைப் போலவே லினக்ஸில் வேலை செய்யும் சிஸ்டம்டி டைமரின் துல்லியம் இயல்பாக 1 நிமிடம், அதை 1 செக்கனாக மாற்றாமல் ‘டைமர் பிந்துகிறது’ என்று குறைசொல்லிப் பயனில்லை.

> ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினியில் கரண்ட் போய்வந்தால் நேரமே பிழையாகக் காட்டுமே. தவணை என்னாகும்?

நல்ல கேள்வி. அதில் மின்கலக் கடிகாரம் இல்லை. இணையம் கிடைத்ததும் நேரம் ஒரே பாய்ச்சலில் மாறும், இடையிலுள்ள தவணைகள் காணாமல் போகும். அங்கே டேட்டை விட்டு, கணினி தொடங்கி எத்தனை செக்கன் என்று சொல்லும், ப்ரொக் அடைவிலுள்ள அப்டைம் கோப்பை வாசியுங்கள். நேரத்தைத் திருத்தினாலும் அந்த எண் பாயாது. அப்போது சுவர்க்கடிகாரத்தோடு தொடர்பு அறுந்துவிடும், ஆகவே அதற்குத் ‘தவணை’ பொருந்தாது. அதை ‘ஆவர்த்தன ஓட்டம்’ என்றும், கடிகாரத்தோடு ஒட்டியதைத் ‘தவணை ஓட்டம்’ என்றும் இரண்டு பதிவாகவே சொற்பட்டியலில் இடலாம். இடைவெளி ஸ்லீப்புக்கே இருக்கட்டும். மறுப்பு இருந்தால் எழுதுங்கள், நானா.